டில்லிக்குப் புறப்பட்டவர்

தலைநகரில் மூன்று நாள்

"டில்லியில் என்ன பார்த்தீர்கள்?" என்று போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"குதுப்மினார் பார்த்தோம், செங்கோட்டை பார்த்தோம், இந்தியா கேட் பார்த்தோம்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். "அங்கே என்ன இருக்கிறது?" என்று மேலும் கேட்டால் கைப்பேசியை எடுத்துப் படம் காட்டுவார்கள்.

நானும் அப்படித்தான் போய் வந்திருப்பேன். அம்மா கூட வந்ததால் தப்பித்தேன்.

அம்மாவுக்கு வயது 65. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் அல்ல. 1991-ம் ஆண்டில் அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோது, தெரு விளக்கின் கீழே உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டாள். அந்தச் சூட்டோடு சைக்கிளும் கற்றாள். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் வயதுப் பெண்கள் "காசிக்குக் கூட்டிப் போ" என்று பிள்ளைகளைக் கேட்பார்கள். அம்மா மட்டும், "டில்லிக்குக் கூட்டிப் போ தம்பி" என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரணம், அவளுடைய பெரியப்பா.

காகிதம் போடாத பிள்ளை

பெரியப்பாவை அம்மா பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, பதினெட்டு வயதில், கப்பலேறி மலேயாவுக்குப் போனவர் அவர். ரப்பர் தோட்டத்தில் வேலை. மாதம் தவறாமல் பணமும் காகிதமும் வந்துகொண்டிருந்தன.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலேயாவில் இறங்கினான். பணம் நின்றது. காகிதமும் நின்றது.

சண்டை முடிந்த பிறகு, அதே தோட்டத்தில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்தார். "உங்கள் பிள்ளை நேதாஜி படையில் சேர்ந்துவிட்டான். டில்லிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு தெரியாது" என்றார்.

அவ்வளவுதான் செய்தி.

"டில்லி சலோ!" அதாவது, "டில்லிக்குப் புறப்படு!" 1943 ஜூலையில் சிங்கப்பூர் மைதானத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கொடுத்த முழக்கம் அது. டில்லிச் செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்தும் வரை நம் வேலை முடியாது என்று படை வீரர்களிடம் அவர் சொன்னார். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரள் திரளாக அந்தப் படையில் சேர்ந்தனர். மண்வெட்டி பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த தாய்க்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "டில்லிக்குப் போகிறேன்" என்றால், அவளைப் பொறுத்தவரை பிள்ளை டில்லிக்குப் போய்விட்டான். "அங்கே சௌக்கியமாக இருக்கிறான். காகிதம் போடத்தான் அவனுக்கு நேரமில்லை" என்று சாகிற வரையில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அந்த டில்லியைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நான், மனைவி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், அம்மா நால்வரும் சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம்.

ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி புதுடில்லியில் நின்றது. பிப்ரவரியில் டில்லி இதமாக இருக்கும். காலையில் மட்டும் கம்பளிச் சட்டை வேண்டும். மே, ஜூனில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களை நான் தடுப்பேன். வெயில் கொளுத்திவிடும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. ரயில் எப்போது வரும் என்று ரயிலுக்கே தெரியாது.

ஏற முடியாத கோபுரம்

முதல் நாள் குதுப்மினார்.

உயரம் 72.5 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் 238 அடி. உள்ளே 379 படிகள். சுமார் 800 வருஷத்துக்கு முன்னால் குத்புதீன் ஐபக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த இல்டுமிஷ் மேலே எழுப்பினார். பின்னர் இடி விழுந்து மேல்தளம் சேதமாயிற்று. அதைப் பெரோஸ்ஷா துக்ளக் செப்பனிட்டார்.

"மேலே ஏறலாமா அப்பா?" என்று மகள் கேட்டாள்.

முடியாது. ஒரு காலத்தில் ஏற விட்டார்கள். 1981 டிசம்பர் 4-ந் தேதி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா வந்து உள்ளே ஏறிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. குறுகலான படிக்கட்டு. கும்மிருட்டு. நெரிசலில் 45 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குழந்தைகள். அன்று மூடிய கதவை இன்றுவரை பொதுமக்களுக்குத் திறக்கவில்லை.

அந்தக் குழந்தைகளுக்காக அங்கே ஒரு கல்லாவது நட்டிருக்கிறார்களா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. கோபுரத்தைப் பின்னணியில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியுமோ!

கோபுரத்துக்கு அருகில் இரும்புத் தூண். சுமார் 1,600 ஆண்டுப் பழமை. 24 அடி உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. சந்திரன் என்ற அரசனைப் புகழும் எழுத்துகள் அதில் இருக்கின்றன. குப்த வம்சத்து இரண்டாம் சந்திரகுப்தரே அந்த அரசன் என்பது அறிஞர்கள் கருத்து. இத்தனை மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்து அரிக்காமல் நிற்கிறது. அந்தக் காலக் கொல்லர் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேலே மெல்லிய தோல்போலப் படர்ந்து காக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டு சொல்லியிருக்கின்றனர்.

முதுகைத் தூணில் சாய்த்து, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று முன்பெல்லாம் ஒரு நம்பிக்கை. கோடிக் கைகள் தேய்த்துத் தேய்த்துத் தூணின் அடிப்பாகம் பளபளத்துப்போயிற்று. 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சாயங்காலம் உமாயூன் சமாதிக்குப் போனோம். கணவருக்காக மனைவி எழுப்பிய மாளிகை அது. 1572-ல் முடிந்தது. தாஜ்மகாலுக்கு இதுவே முன்மாதிரி என்பார்கள். செங்கல்லும் செங்கல் நிறக் கல்லும் வெள்ளைச் சலவைக்கல்லும் மாலை வெயிலில் சேர்ந்து மின்னுவதைப் பார்க்கக் கண் இரண்டு போதாது.

ஆனால் நான் அங்கே போனது வேறு ஒரு காரணத்துக்காக. 1857-ல் சிப்பாய்கள் வெள்ளைக்காரரை எதிர்த்துக் கிளம்பியபோது, கடைசி மொகலாய பாதுஷா பகதூர்ஷா ஜாபரைத் தங்கள் தலைவராக்கினார்கள். அவருக்கு அப்போது 80 வயதுக்கு மேல். கவிதை எழுதிக்கொண்டிருந்த கிழவர். டில்லி விழுந்ததும் அவர் ஓடி ஒளிந்தது இந்தச் சமாதியில்தான். தம் மூதாதையின் கல்லறையில் இருந்தவரை, செப்டம்பர் மாதத்தில் கேப்டன் ஹாட்சன் பிடித்துக்கொண்டு போனான்.

பாதுஷாவை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் வருவார்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, அம்மா ஆறரை மணிக்கே தயாராகிவிட்டாள். நேராகச் செங்கோட்டை. மெட்ரோ ரயிலில் 'லால் கிலா' நிலையத்தில் இறங்கினால் எதிரே கோட்டைச் சுவர் தெரியும். லால் என்றால் சிவப்பு. கிலா என்றால் கோட்டை.

வாசலில் காவல்காரர் கையை ஆட்டினார்.

திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறையாம்!

பத்திரிகையில் வேலை. ஊரெல்லாம் "விசாரித்துவிட்டுப் போங்கள்" என்று எழுதுகிறவன் நான். எனக்கு இது தெரியவில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"அதனால் என்ன தம்பி? பெரியப்பா எண்பது வருஷமாக வரவில்லை. நமக்கு ஒரு நாள் பொறுத்தால் ஆகாதா?" என்றாள் அம்மா.

ஆட்டோ பிடித்து ராஜ்காட்டுக்குப் போனோம். பக்கம்தான். 1948 ஜனவரி 31-ந் தேதி காந்தியடிகளின் உடல் எரியூட்டப்பட்ட இடம். கறுப்புச் சலவைக்கல்லில் ஒரு சதுர மேடை. மேலே கூரை கிடையாது. வானம்தான் கூரை. அணையாத விளக்கு ஒன்று எரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் சுற்றி வருகிறார்கள். முந்திய நாள் பார்த்த சமாதி ராஜாவுக்குக் கட்டியது. இது தரையோடு தரையாக இருக்கிறது.

யமுனைக் கரையோரம் வரிசையாகப் பிரதமர்களின் நினைவிடங்கள். நேருவுக்குச் சாந்திவனம், லால்பகதூர் சாஸ்திரிக்கு விஜய்காட், இந்திராவுக்குச் சக்திஸ்தலம், நம் ஸ்ரீபெரும்புதூரில் 1991-ல் உயிரிழந்த ராஜீவுக்கு வீரபூமி. எல்லாவற்றையும் நடந்து பார்க்க அரை நாள் வேண்டும். நாங்கள் ராஜ்காட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

பெயர்களின் சுவர்

மாலையில் இந்தியா கேட்.

முதல் உலகப்போரிலும் அதை ஒட்டிய சண்டைகளிலும் பிரிட்டிஷாருக்காக உயிரைக் கொடுத்த 70,000-க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் ஞாபகச் சின்னம் அது. 1921-ல் அடிக்கல் நாட்டி, 1931-ல் வைசிராய் இர்வின் பிரபு திறந்தார். லட்யன்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி வரைந்த படத்தின்படி கட்டியது. உயரம் 42 மீட்டர். சுவரில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்களைச் செதுக்கியிருக்கின்றனர்.

பெயர்கள் இருக்கின்றன. ஆனால் தள்ளி நின்றுதான் பார்க்க முடிகிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு பெயரையும் முழுதாகப் படிக்க முடியவில்லை.

வளைவுக்குப் பின்னால் ஒரு கல் மண்டபம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை ஒரு காலத்தில் அதில் நின்றது. 1968-ல் அதை எடுத்துவிட்டார்கள். வெகு காலம் மண்டபம் காலியாகக் கிடந்தது. 2022 செப்டம்பர் 8-ந் தேதி அங்கே நேதாஜியின் சிலை திறக்கப்பட்டது. ஒரே கறுப்புக் கல்லில் 28 அடி உயரம். மன்னர் நின்ற இடத்தில் மன்னரை எதிர்த்தவர் நிற்கிறார்!

அம்மா அந்தச் சிலையை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இவர்தானா?" என்றாள். "இவர்தான்" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அங்கிருந்து சில அடி நடந்தால் தேசியப் போர் நினைவகம். 2019 பிப்ரவரி 25-ந் தேதி திறந்தார்கள். இதைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேர் அறியவில்லை. அறிய வேண்டும். இதை வடிவமைத்தவர் சென்னையில் தொழில் நடத்தும் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். உலக அளவில் நடந்த போட்டியில் அவருடைய திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

உயரமான கட்டடம் என்று பார்த்தால், நடுவே 15.5 மீட்டர்த் தூண் ஒன்றுதான். அதன் அடியில் அணையா விளக்கு. இந்தியா கேட்டின் அடியில் 1972 முதல் எரிந்த ஜோதியை 2022 ஜனவரியில் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டனர். தூணைச் சுற்றி வட்டம் வட்டமாக நான்கு சுற்று. மகாபாரதத்துச் சக்கர வியூகத்தை நினைவூட்டும் அமைப்பு. அதில் தியாகச் சக்கரம் என்ற சுற்றில்தான் பெயர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுக்காக இறந்தவர்கள். 1947-48 காஷ்மீர்ப் போர், 1962 சீனப் போர், 1965, 1971, இலங்கைக்குப் போன அமைதிப் படை, 1999 கார்கில். திறந்தபோது 25,942 பெயர்கள். ஒரு கல்லுக்கு ஒரு பெயர். தங்க நிற எழுத்து. கண் மட்டத்திலேயே இருப்பதால் கிட்டே போய்ப் படிக்கலாம். சிப்பாயும் மேஜரும் ஒரே அளவுக் கல்தான். இந்த ஒன்றுக்காகவே அந்தச் சிற்பியைக் கும்பிடலாம்.

"தமிழ்ப் பேராகத் தேடு கண்ணு" என்று அம்மா சொல்ல, மகள் சுவரோரமாகப் படித்துக்கொண்டே போனாள். முருகன் வந்தது. செல்வராஜ் வந்தது. வர வர, "யார் பெற்ற பிள்ளையோ!" என்றாள் அம்மா. மகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். எங்கே போனாலும் பார்த்ததை எழுதிவர வேண்டும் என்பது அவளுடைய டீச்சர் உத்தரவு. அவள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

பக்கத்திலேயே பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள். அவர்களில் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் இருக்கிறார். 1987 நவம்பர் 25-ந் தேதி இலங்கையில் உயிர் துறந்தவர். அந்தச் சண்டையைப் பற்றித் தமிழர்களுக்குள் பல கருத்துகள் உண்டு. ஆனால் சிலை முன்னே நின்றபோது எனக்கு அது தோன்றவில்லை. அவருக்கு அப்போது வயது 41 என்பதுதான் தோன்றியது.

"பெரியப்பா பேரு இருக்குமா அப்பா?"

மகளின் கேள்வியைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அவர் கொள்ளுத்தாத்தா முறை. அப்பத்தா சொல்வதைக் கேட்டு அவளும் 'பெரியப்பா' என்றே சொல்லப் பழகியிருந்தாள்.

இருக்காது. இந்தியா கேட் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு. இந்தச் சுவர் சுதந்திர இந்தியாவின் படை வீரர்களுக்கு. நேதாஜி படை இரண்டிலும் அடங்காது. அந்தப் படையில் இறந்தவர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப நேதாஜி அடிக்கல் நாட்டினார். சில வாரத்தில் பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். முதல் வேலையாக அதை வெடிவைத்துத் தகர்த்தனர்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "சரி, நாளைக்குக் கோட்டை திறக்கும் அல்லவா?" என்றாள்.

அடிச்சுவடுகள்

செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் காந்தி ஸ்மிருதி. (இதற்கும் திங்கட்கிழமை விடுமுறை. நல்ல வேளையாக இந்த முறை விசாரித்தேன்.) இருக்கும் தெருவின் பெயர் தீஸ் ஜனவரி மார்க். தீஸ் என்றால் முப்பது. அந்தத் தேதியையே தெருவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். கட்டணம் கிடையாது.

முன்பு இது பிர்லாவின் மாளிகை. 1947 செப்டம்பர் 9 முதல் காந்தியடிகள் தங்கியிருந்த 144 நாட்களும் இங்கேதான். அவருடைய அறையை அப்படியே வைத்திருக்கின்றனர். தரையில் மெத்தை, கைத்தடி, மூக்குக்கண்ணாடி. மாளிகை பெரிது. மனிதர் பயன்படுத்தியது ஒரு மூலை.

அறை வாசலிலிருந்து தோட்டத்தின் குறுக்கே கால் தடங்கள் போகின்றன. சிமெண்டில் வார்த்து வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30-ந் தேதி மாலை. ஐந்து மணிக்குப் பிரார்த்தனை. நிமிஷம் தவறாதவர் அவர். அன்று சர்தார் பட்டேலோடு பேசிக்கொண்டிருந்ததில் பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமாயிற்று. மனு, ஆபா என்ற இரண்டு பெண்களின் தோளில் கை வைத்தபடி வேகமாக நடந்தார். சற்றுப் பின்னால் வந்தவர்களில் அவருடைய செயலாளர் வி. கல்யாணமும் ஒருவர். தமிழர். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, 2021-ல் தமது 98-ம் வயதில் காலமானார்.

மணி 5-17. மூன்று குண்டுகள்.

கால் தடங்கள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. அங்கே ஒரு கல் தூண்.

டில்லியில் எத்தனையோ சின்னங்களைப் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது இது ஒன்றுதான். சிலர் அந்தத் தடங்களின் மேலேயே கால் வைத்து நடந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா தடங்களை மிதிக்காமல், பக்கத்துப் புல்லில் செருப்பில்லாமல் கூடவே நடந்தாள்.

செங்கோட்டையில்

பிற்பகலில் செங்கோட்டை. இரவு ஊருக்கு ரயில். கையில் மூன்று மணி நேரம்.

ஷாஜகான் பாதுஷா 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்த கோட்டை. லாகூர் வாசல் வழியாக நுழைந்தால் இரண்டு பக்கமும் கடைகள் உள்ள கூரையிட்ட தெரு. வளையல், பொம்மை, பாசிமணி. மனைவியையும் மகளையும் அங்கே விட்டால் ரயில் போய்விடும். இழுத்துக்கொண்டு நடந்தேன்.

இந்த வாசலுக்கு மேலேதான் ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் பிரதமர் கொடி ஏற்றுகிறார். 1947-ல் நேரு இங்கே கொடி ஏற்றியது ஆகஸ்டு 15-ந் தேதி அல்ல, 16-ந் தேதி. பலருக்கு இது தெரியாது.

உள்ளே பொதுமக்கள் குறை கேட்ட மண்டபம், தனிப்பேர் மண்டபம், சலவைக்கல் வாய்க்கால்கள். மயிலாசனம் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. 1739-ல் பாரசீகத்து நாதிர்ஷா அதைத் தூக்கிக்கொண்டு போனான். 1857-க்குப் பிறகு பிரிட்டிஷார் அரண்மனைக் கட்டடங்களில் பெரும் பகுதியை இடித்தார்கள். இடித்த இடத்தில் பட்டாளக் குடியிருப்பு கட்டினார்கள்.

பகதூர்ஷா இங்கேதான் மறுபடி வருகிறார். 1858 ஜனவரியில், அவருடைய சொந்தத் தனிப்பேர் மண்டபத்திலேயே அவரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்தார்கள். ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862-ல் அங்கேயே இறந்தார். 81 ஆண்டு கழிந்தது. 1943-ல் நேதாஜி ரங்கூனில் அந்தப் பாதுஷாவின் சமாதி முன்னே நின்று வணங்கினார். அங்கிருந்து படை கிளம்பிற்று.

படை எவ்வளவு தூரம் வந்தது? 1944 ஏப்ரலில் மணிப்பூரில் உள்ள மொய்ராங் வரை வந்து கொடி நாட்டியது. அதற்கு மேல் முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அரிசி இல்லை, மருந்து இல்லை. குண்டுக்குத் தப்பியவர்கள் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியானார்கள். அந்தக் காட்டுப் பாதையில் எங்கோதான் அம்மாவின் பெரியப்பாவும் விழுந்திருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் படையில் சிலர் செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள், கைதிகளாக!

1945 நவம்பர் 5-ந் தேதி இந்தக் கோட்டைக்குள் ராணுவக் கோர்ட்டு கூடிற்று. ஷாநவாஸ்கான், பிரேம்குமார் சாகல், குருபக்ஷ்சிங் தில்லான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றச்சாட்டு. கோட்டைக்குள் உள்ள பழைய படிக்கிணற்றின் அறைகளைப் பிரிட்டிஷார் சிறையாக்கியிருந்தார்கள். மூவரையும் அங்கே அடைத்துவைத்தார்கள். புலாபாய் தேசாய் வாதாடினார். வெகு காலமாக வக்கீல் அங்கியைத் தொடாத நேருவும் அன்று அதை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். நாடு கொந்தளித்தது. ஆயுள் முழுவதும் நாடு கடத்தத் தீர்ப்பு. ஆனால் அதை நிறைவேற்றச் சர்க்காருக்குத் தைரியம் வரவில்லை. 1946 ஜனவரியில் மூவரையும் விடுவித்தார்கள்.

இவர்களில் சாகல், 1947-ல் ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணை மணந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமிதான் அவர்.

பட்டாளக் குடியிருப்புகளில் ஒன்றை 2019 ஜனவரியில் நேதாஜி காட்சிச்சாலையாக்கியிருக்கிறார்கள். போகிறவர்கள் காட்சிச்சாலைக்கும் சேர்த்துச் சீட்டு வாங்குங்கள். பலர் மண்டபங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நேதாஜி உட்கார்ந்த மர நாற்காலி, அவருடைய வாள், பதக்கங்கள், சின்னங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன.

வீரர்கள் உடுத்திய சீருடையும் இருக்கிறது.

கண்ணாடிக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டாள். சாதாரணக் காக்கித் துணி.

"இந்த மாதிரிதான் போட்டிருப்பாரா?"

"இந்த மாதிரிதான் இருக்கும்."

"ஆள் ஒல்லியாக இருப்பார் என்று அப்பா சொல்லும். இவ்வளவு பெரிசு பிடிக்காது" என்றாள்.

அம்மாவின் தகப்பனார் இறந்தும் இருபது வருஷம் ஆகிறது. அண்ணனைத் தேடி அவர் எங்கும் எழுதிக் கேட்டதில்லை. யாருக்கு எழுதுவது என்றே தெரியாது. நேதாஜி படையைப் பற்றிய கோப்புகள் டில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலிலேயே அங்கே ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம். திங்கட்கிழமையை வீணாக்கியவனுக்கு அது எங்கே தோன்றும்! ஊர் வந்ததும் காப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இதே போல வீட்டில் ஒருவரைத் தொலைத்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நீங்களும் எழுதிக் கேளுங்கள்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். மகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து 'செங்கோட்டை' என்று தலைப்பு எழுதினாள். முந்தின பக்கத்தில் போர் நினைவகத்துப் பெயர்கள் இருந்தன.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடு" என்றாள் அம்மா.

தலைப்புக்குக் கீழே பெரியப்பாவின் பெயரை எழுதினாள். அறிவொளியில் கற்ற எழுத்து. ஒவ்வொன்றும் கோலி உருண்டை அளவு. ஒரு காலை விட்டுவிட்டு, மறுபடி போட்டாள். தகப்பன் பெயரை எழுதினாள். ஊர்ப் பெயரையும் எழுதினாள். பேனாவை மூடப் போனவள் நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

"வந்து சேர்ந்த தேதியும் போடணுமா?"

"போடு அப்பத்தா" என்றாள் மகள்.

அம்மா அன்றைய தேதியைப் போட்டாள்.